‘தொம்’ என்றொரு குரல்

மனநல மருத்துவமனையில் கட்டில் பிடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்கி, அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ வார இதழில் 1973 ஜனவரி 19 அன்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் டேவிட் ரோசன்ஹான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கும் சட்டத்துக்கும் பேராசிரியர். வழுக்கைத் தலை, கணீர்க் குரல், கதை சொல்வதில் மன்னன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் கடைசித் திறமை ஒன்றே போதுமானதாக இருந்தது.

செய்முறைக்கு வருவோம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நேரம் வாங்க வேண்டும். போய் உட்கார்ந்து, காதில் குரல் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். குரல் என்ன சொல்கிறது என்பார் டாக்டர். சரியாகப் பிடிபடவில்லை, ஆனால் ‘காலி’ என்கிற மாதிரி இருக்கிறது, ‘பொள்ளல்’ என்கிற மாதிரி இருக்கிறது, சில சமயம் ‘தொம்’ என்கிற மாதிரியும் இருக்கிறது. அவ்வளவுதான். பெயரையும் பார்க்கிற வேலையையும் மட்டும் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அப்பா அம்மாவோடு பிணக்கு, மனைவியோடு அவ்வப்போது வாக்குவாதம், பிள்ளைக்கு என்றைக்கோ கொடுத்த ஓர் அடி என்று மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி. வார்டுக்குள் கால் வைத்த நிமிடம் நடிப்பை நிறுத்திவிட வேண்டும். குரல் போய்விட்டது, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவர்களாக வெளியே விடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த மூன்று சொற்களுக்கும் பேராசிரியர் காரணம் வைத்திருந்தார். வாழ்க்கை வெறுமையானது, உள்ளே ஒன்றுமில்லாதது என்று ஒரு மனிதன் தவிக்கிற தொனி வேண்டும். ஆனால் அப்படி ஒரு வியாதி மருத்துவ இலக்கியத்தில் இருந்துவிடவும் கூடாது. அதே காலகட்டத்தில் பாரிஸ் காபிக் கடைகளில் உட்கார்ந்து இதையே சொன்னவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னவர்களுக்குக் கட்டில் கொடுத்தார்கள்.

போனவர்கள் 8 பேர். ஓர் உளவியல் மாணவர், மூன்று உளவியலாளர்கள், ஒரு குழந்தை மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், ஓர் ஓவியர், ஓர் இல்லத்தரசி. 5 மாநிலங்களில் 12 ஆஸ்பத்திரிகள். பன்னிரண்டிலும் அட்மிஷன் கிடைத்தது. பதினொன்றில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள். அதே ‘காலி, பொள்ளல், தொம்’ கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஓர் ஆஸ்பத்திரி மட்டும், பித்தும் சோர்வும் மாறி மாறி வருகிற நோய் என்று எழுதியது. அந்த நோய்க்குக் குணமாகும் வாய்ப்பு கூடுதல். பட்டியலில் இருந்த ஒரே தனியார் ஆஸ்பத்திரியும் அதுதான். பணம் கட்டுகிறவருக்குக் கொஞ்சம் கௌரவமான வியாதியாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பொய் சொல்லி உள்ளே நுழைகிற இந்த வித்தை ரோசன்ஹானின் கண்டுபிடிப்பு அல்ல. 1887-லேயே நெல்லி பிளை என்ற பெண் நிருபர் செய்திருக்கிறார். ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகைக்காக ஒரு பெண்கள் விடுதியில் போய் அறை எடுத்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்து, மற்றவர்களைக் கதிகலங்க வைத்தார். போலீஸ், நீதிபதி, டாக்டர்கள் என்று வரிசையாகப் பார்த்து, பிளாக்வெல்ஸ் தீவில் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உள்ளே போனதும் அந்த அம்மாள் எப்போதும்போல நடந்துகொண்டார். இயல்பாக இருக்க இருக்க, முற்றிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். 10 நாள் கழித்துப் பத்திரிகைக்காரர்கள் போய் மீட்டு வந்தார்கள்.

1955-ல் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் கொஞ்சம் நாகரிகமாக உள்ளே போனார். வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் விளையாட்டு இயக்குநருக்கு உதவியாளர் என்று ஒரு பட்டத்தைச் சூட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருடம் வேடிக்கை பார்த்தார். 1961-ல் அது ‘அசைலம்ஸ்’ என்ற புத்தகமாக வந்தது. அதே வருடம் தாமஸ் சாஸ், மனநோய் என்று ஒன்று கிடையாது, அது வெறும் கட்டுக்கதை என்று புத்தகம் போட்டார். அவர் வாங்கிய சம்பளம் மனநல மருத்துவப் பேராசிரியர் என்ற பதவிக்கு. 1962-ல், மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட கென் கீசியின் நாவல் வந்தது. ஆக, ரோசன்ஹான் மேடையேறியபோது அரங்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மனநல மருத்துவர் என்றால் வில்லன் என்பதில் கல்லூரி மாணவர்கள் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

ஸ்டான்ஃபோர்டுக்கு வருவதற்கு முன்பு ரோசன்ஹான் பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் வாத்தியார். மனப்பிறழ்வுகளைப் பற்றிய வகுப்பு. புத்தகத்தில் படித்துப் போரடிக்கிறது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று மாணவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பிள்ளைகளை அனுப்பும் முன்பு நாம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று 1969-ல் பக்கத்திலிருந்த ஹாவர்ஃபோர்டு அரசு மருத்துவமனைக்கு ‘டேவிட் லூரி’ என்ற பெயரில் போனார். தலைமை அதிகாரிக்கும் தலைமை உளவியலாளருக்கும் மட்டும் விஷயம் தெரியும். வெளியே வந்ததும் மாணவர்களை அனுப்புகிற பேச்சை அடியோடு கைவிட்டார். அதற்குப் பதிலாக ஊரிலுள்ள மற்றவர்களை அனுப்பலாமே என்று தோன்றியிருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது என்று கட்டுரை சொல்லும் இடங்கள்தான் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கத்தக்கவை. போலி நோயாளிகள் முதலில் பயந்து பயந்து, மறைத்து வைத்துக் குறிப்பு எழுதினார்கள். யாரும் சீண்டுவதில்லை என்று தெரிந்ததும் பட்டப்பகலில், பொதுக்கூடத்தில், நர்ஸ் முன்னிலையிலேயே எழுதினார்கள். என்ன எழுதுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால், நோயாளி எழுதும் நடத்தையில் ஈடுபடுகிறார் என்று நர்ஸ் பதிவு செய்திருந்தார். எழுத்தாளர்களின் வீடுகளில் காலம்காலமாகச் சொல்லப்பட்டு வரும் சந்தேகம்தான். ஆனால் அரசாங்கத் தாளில் ஏறியது அநேகமாக அப்போதுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே சிலர் சாப்பாட்டுக்கூட வாசலில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் எதிர்பார்ப்பதற்குச் சாப்பாட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஆனால் பயிற்சி டாக்டர்களை அழைத்து வந்த மூத்த மனநல மருத்துவர் ஒருவர் அவர்களைச் சுட்டிக்காட்டி, வாய்வழியாக எல்லாவற்றையும் அடையத் துடிக்கும் நோய்க்குறி இது என்று விளக்கம் கொடுத்தார். பசி என்று ஒரு காரணம் அவருடைய படிப்பில் வந்திருக்காது. இன்னொருவர் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். பதற்றமாக இருக்கிறதா என்று நர்ஸ் பரிவோடு கேட்டார். இல்லையம்மா, போரடிக்கிறது என்றார் அவர்.

ஒருவருடைய வாழ்க்கை வரலாறு பட்ட பாடு இன்னும் விசேஷம். சின்ன வயதில் அம்மா செல்லம், அப்பா தூரம். வளர்ந்த பிறகு அப்பா சிநேகிதர் ஆகிவிட்டார், அம்மாவோடு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. மனைவியோடு நல்ல உறவு, எப்போதாவது சண்டை. பிள்ளைகளை அடிப்பது மிக அபூர்வம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு டாக்டர் எழுதிய சாரம்: நெருங்கிய உறவுகளில் இவருக்கு நெடுங்காலமாகவே இரண்டுங்கெட்டான் மனநிலை, உணர்ச்சிக் கட்டுப்பாடு போதாது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை ஒருத்தர் மிஞ்ச மாட்டார்.

மாத்திரைக் கணக்கும் உண்டு. எட்டுப் பேருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவை ஏறத்தாழ 2,100. உள்ளே போனவை இரண்டே இரண்டு. மற்றவை சட்டைப் பையிலும் கழிவறையிலும். கழிவறைக்குப் போய்ப் போட்டுவிட்டு வரலாம் என்று பார்த்தால், உண்மையான நோயாளிகள் ஏற்கெனவே வந்து தங்களுடையதைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒழுங்காக நடந்துகொள்கிற வரையில் யாரும் வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

டாக்டர்களைப் பார்ப்பது குதிரைக்கொம்பு. மனநல மருத்துவர், உளவியலாளர், பயிற்சி டாக்டர் என்று எல்லோருடனும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிடைத்தது சராசரியாக 6.8 நிமிடம். ஊழியர்கள் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘கூண்டு’. யார் கூண்டில் இருந்தார்கள் என்பதில் அந்தக் கட்டடத்தில் கருத்து வேறுபாடு இருந்திருக்க வேண்டும். வெளியே வளாகத்தில் நடக்க எனக்கு எப்போது அனுமதி கிடைக்கும் என்று மரியாதையாக வழிமறித்துக் கேட்டதற்கு, 100-க்கு 71 தடவை மனநல மருத்துவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். நின்று பேசியது 4 சதவீதம். குட் மார்னிங் டேவ், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, எப்படி இருக்கிறேன் என்பதைக் காதில் வாங்காமலே போனவரும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் அவசரமாகப் போய்க்கொண்டிருந்த பேராசிரியர்களை ஓர் இளம்பெண் நிறுத்தி வழி கேட்டார். அத்தனை பேரும் நின்று பதில் சொன்னார்கள். கேட்டது இளம்பெண் என்பதைக் கட்டுரையே குறிப்பிடுகிறது. அதற்கு மேல் ஆராயவில்லை.

இவ்வளவு பெரிய படிப்பாளிகளில் ஒருவருக்கும் சந்தேகம் வராத இடத்தில், நோயாளிகளுக்கு வந்தது. முதல் மூன்று அட்மிஷன்களில் மட்டும் வார்டில் இருந்த 118 பேரில் 35 பேர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்: உனக்கு ஒன்றும் இல்லை, நீ பத்திரிகைக்காரன், இல்லாவிட்டால் வாத்தியார், ஆஸ்பத்திரியை வேவு பார்க்க வந்திருக்கிறாய். அந்த எழுதும் நடத்தைதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஒரே தடயம். டாக்டருக்கு அது வியாதி, பக்கத்துக் கட்டில்காரருக்கு அது வேலை.

ஒரு வழியாக 7 நாளிலிருந்து 52 நாள் வரை, சராசரியாக 19 நாள் வைத்திருந்து வெளியே அனுப்பினார்கள். குணமாகிவிட்டார் என்றோ, தவறாகச் சேர்த்துவிட்டோம் என்றோ அல்ல. ‘ஸ்கிசோஃப்ரினியா, தணிந்த நிலையில்’ என்று எழுதி.

இதற்குப் பிறகுதான் பேராசிரியர் உச்சத்துக்குப் போகிறார். இந்தச் சேதி முன்கூட்டியே காதில் விழுந்த ஒரு போதனா மருத்துவமனை, எங்களிடம் இந்தப் பருப்பெல்லாம் வேகாது என்றது. அப்படியா, சரி, அடுத்த மூன்று மாதத்தில் உங்களிடம் ஒருவரோ பலரோ போலிகளை அனுப்புகிறேன், கண்டுபிடியுங்கள் என்றார் ரோசன்ஹான். ஆஸ்பத்திரி முழுக்க உஷாரானது. வருகிற ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டார்கள். 193 பேரை எடைபோட்டதில், 41 பேர் போலி என்று ஊழியர்களில் ஒருவராவது அடித்துச் சொன்னார். 23 பேர் மேல் மனநல மருத்துவர் ஒருவருக்காவது சந்தேகம். 19 பேர் விஷயத்தில் ஒரு மருத்துவரும் இன்னோர் ஊழியரும் சேர்ந்தே சந்தேகப்பட்டார்கள். ரோசன்ஹான் அனுப்பியவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம். மூன்று மாதம் அவர் வீட்டில் சும்மா இருந்தார். நிஜமாகவே காதில் குரல் கேட்டு அல்லாடி, வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து உதவி கேட்டு வந்த மனிதரை மேலும் கீழும் பார்த்து, யார் கண்ணு அனுப்பினது என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். கட்டுரையைப் படித்துச் சிரித்தவர்கள் இந்த இடத்தில் நின்றதாகத் தெரியவில்லை.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? கட்டுரையின் வாதம் அதுதான். மனநல மருத்துவத் துறைக்கு மானம் கப்பலேறியது. பத்திரிகைகள் கொண்டாடின, கல்லூரிகள் பாடமாக வைத்தன, டாக்டர்கள் கொதித்தார்கள். சீமோர் கெட்டி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கைப் போட்டார். யாருக்கும் தெரியாமல் ஒரு லிட்டர் ரத்தத்தைக் குடித்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போய் வாந்தியெடுக்கிறேன், குடலில் புண் என்று வைத்தியம் பார்ப்பார்கள், உடனே நான் எழுந்து உட்கார்ந்து, வைத்தியர்களுக்குப் புண்ணைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று வாதம் செய்யலாமா என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் ரோசன்ஹானின் சொற்பொழிவுக்குப் போயிருந்தார்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்து ராபர்ட் ஸ்பிட்சர் இன்னும் நிதானமாகக் கத்தியைத் தீட்டினார். ‘தணிந்த நிலையில்’ என்று எழுதி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது ஆஸ்பத்திரிகளில் மிக அபூர்வம் என்று விசாரித்துக் காட்டினார். அதாவது, இவர்களிடம் இப்போது கோளாறு எதுவும் இல்லை என்று அந்த டாக்டர்கள் கண்டுபிடித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ரோசன்ஹான் அதைப் படுதோல்வி என்று அறிவித்தார், ஸ்பிட்சர் அதையே சாதனை என்றார். 1975-ல் வந்த அந்த மறுப்பில், இந்த ஆய்வில் தர்க்கம்தான் தணிந்த நிலையில் இருக்கிறது என்று தலைப்பிலேயே குத்தியிருந்தார்.

கோபம் ஆக்கபூர்வமாகவும் முடியும் என்பதற்கு ஸ்பிட்சர் உதாரணம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1968-ல் 134 பக்கம், 182 நோய்கள். ஸ்பிட்சர் தலைமையில் 1980-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது 494 பக்கம், 265 நோய்கள். இனிமேல் ஒரு வியாதியின் பெயரை எழுத வேண்டுமென்றால் இத்தனை அறிகுறிகளில் இத்தனையாவது, இத்தனை காலத்துக்காவது இருந்தாக வேண்டும் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். ‘தொம்’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வர முடியாது. இன்று உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் விரலை மடக்கி அறிகுறி எண்ணுகிறார்கள் என்றால், அதற்கு ரோசன்ஹான் கொடுத்த அவமானமும் ஒரு காரணம்.

ரோசன்ஹானோ கொஞ்சம் கொஞ்சமாக இந்த விஷயத்தைக் கைவிட்டார். டபுள்டே பதிப்பகம் புத்தகம் எழுதச் சொல்லி முன்பணம் கொடுத்தது. அத்தியாயங்கள் கொஞ்சம் வந்தன, புத்தகம் வரவில்லை. கடைசியில் 1980-ல் பதிப்பகம் வழக்குப் போட்டது. எந்தெந்த ஆஸ்பத்திரி, யார் யார் போனார்கள் என்று கேட்டவர்களுக்கு, ரகசியம் காக்க வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். மார்ட்டின் செலிக்மனோடு சேர்ந்து 1984-ல் மனப்பிறழ்வு உளவியல் என்ற பாடநூலை எழுதி, அடுத்த தலைமுறை மாணவர்களுக்கும் வாத்தியாரானார். 2012-ல் காலமானார்.

அதே 2012-ல் சூசன்னா கஹலன் என்ற நிருபரின் முதல் புத்தகம் வந்தது. 2009-ல், 24 வயதில், அவருக்குத் திடீரென்று இல்லாதது தெரிந்தது, இல்லாத குரல் கேட்டது. குடி, மன அழுத்தம், மனநோய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு நரம்பியல் டாக்டர் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். அந்தப் பெண் 12 எண்களையும் வலது பாதியிலேயே திணித்து வைத்தார். மூளையில் அழற்சி என்று பிடித்து வைத்தியம் பார்த்தார்கள், பிழைத்தார். அப்படிப்பட்டவருக்கு ரோசன்ஹான் குலதெய்வமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அந்த எட்டுப் பேரையும் தேடிப் பிடித்து மாலை போடப் புறப்பட்டார்.

அவர் கையில் டேவிட் லூரியின் கேஸ் ஷீட் கிடைத்தது. கட்டுரைப்படி அதில் இருக்க வேண்டியது காலி, பொள்ளல், தொம். உள்ளே இருந்ததோ வேறு கதை. மாதக்கணக்காகவே தொந்தரவு. ரேடியோ அலைகள் தன்னைத் தாக்குகின்றன. மற்றவர்கள் மனதில் நினைப்பது தனக்குக் கேட்கிறது. சத்தத்தை அடக்கச் செம்புப் பாத்திரங்களைக் காதில் கவிழ்த்துப் பார்த்தும் பயனில்லை. தான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. இவ்வளவையும் கேட்ட டாக்டர் கட்டில் கொடுத்தார். கொடுக்காமல், வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க என்று அனுப்பியிருந்தால்தான் அவரைக் கட்டுரையில் வறுத்திருக்க வேண்டும். அந்த டாக்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். உலகமே நாலு தலைமுறை மாணவர்களாக அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

பிறகு கஹலன் மற்றவர்களைத் தேடினார். பில் அண்டர்வுட் என்ற பழைய மாணவர் கிடைத்தார், ஆக்னியூஸ் மருத்துவமனைக்குப் போனவர். குழந்தை மருத்துவர்? ஓவியர்? இல்லத்தரசி? வருடக்கணக்கில் கடிதம், கோப்பு, தொலைபேசி என்று அலைந்தும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 2019-ல் ‘தி கிரேட் ப்ரிடெண்டர்’ என்று புத்தகம் வந்தது. மாலை வாங்கிய கையோடு, அந்த ஆட்கள் இருந்தார்களா என்றே சந்தேகம் கிளப்பிவிட்டார். மனநலத்தின் வரலாற்றை எழுதும் ஆண்ட்ரூ ஸ்கல் 2023-ல் அந்தச் சந்தேகத்தையும் விட்டுவிட்டு, மோசடி என்றே எழுதினார்.

யோசித்துப் பார்த்தால், ஒருவர் வந்து காதில் குரல் கேட்கிறது என்று சொன்னதை அப்படியே நம்பினார்கள் என்பதுதான் டாக்டர்கள் மீதான குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டை ஒருவர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தபோது உலகத்தின் பெரிய அறிவியல் இதழ் என்ன செய்தது? ஆள் பெயர் இல்லை, ஆஸ்பத்திரி பெயர் இல்லை. 9 பக்கத்துக்கு நெய் வடிந்தது. உடனே அட்மிட் செய்தார்கள். ஆஸ்பத்திரிகளாவது சராசரியாக 19 நாளில் வெளியே விட்டன. ‘சயின்ஸ்’ இதழில் அது இன்னும் படுத்திருக்கிறது, திரும்பப் பெறவில்லை. ஸ்டான்ஃபோர்டில் அதே உளவியல் துறையில், 1971 ஆகஸ்டில், பிலிப் ஸிம்பார்டோ அடித்தளத்தில் போலிச் சிறை கட்டி, சாதாரணப் பையன்கள் காவலர் உடுப்பு மாட்டியதும் கொடூரமாகிவிட்டார்கள் என்று உலகப் புகழ் பெற்றார். காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்வது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது பின்னாளில் வெளியே வந்தது. அந்தக் கட்டடத்துக்கு வாஸ்து சரியில்லை போலிருக்கிறது.

இதனால் அந்த நாளைய ஆஸ்பத்திரிகள் சொர்க்கமாக இருந்தன என்று ஆகிவிடாது. 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் 5.5 லட்சம் பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். பல இடங்கள் நரகம் என்பதற்கு ரோசன்ஹான் சாட்சி சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு ஆதாரம் இருந்தது. அவற்றை மூடுவது என்று அரசுகள் முன்பே முடிவெடுத்துவிட்டன, செலவு மிச்சம். மூடுவதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்ததில் அவர்களுக்கு ஆட்சேபம் இருந்திருக்க முடியாது. வெளியே விடப்பட்டவர்களுக்காகக் கட்டுவதாகச் சொன்ன சமூக மனநல மையங்களில் பல கட்டப்படவே இல்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ரோசன்ஹான், தான் நிஜமாகவே படுத்திருந்த ஹாவர்ஃபோர்டு வார்டைப் பற்றி, செம்புப் பாத்திரம் உட்பட உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே அருமையான கட்டுரை கிடைத்திருக்கும். புள்ளிவிவரம் இல்லாத கட்டுரையை ‘சயின்ஸ்’ போட்டிருக்காது, அதுதான் சிக்கல்.

அண்டர்வுட்டைத் தவிர இன்னொருவரும் கஹலனுக்குக் கிடைத்தார். அவர் எட்டுப் பேரில் வரமாட்டார், ஒன்பதாவது ஆள். பெயர் ஹாரி லாண்டோ, ஸ்டான்ஃபோர்டு மாணவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பொதுச் சுகாதாரத் துறை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். போன இடத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊழியர்கள் அன்பாகப் பேசினார்கள், நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள், மனது லேசானது என்று வந்து சொன்னார். இதை எந்த அட்டவணையில் சேர்ப்பது? கட்டுரையில் அவருக்கு ஓர் அடிக்குறிப்பு ஒதுக்கப்பட்டது, பெயரில்லாமல். 1976-ல் தன் அனுபவத்தைத் தானே ஒரு துறை இதழில் எழுதினார். அதைச் சீந்துவாரில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய், சிகரெட்டை விடுவது எப்படி என்று ஆராய்ந்து பேர் வாங்கினார்.

அடிக்குறிப்பில் அவரை நீக்கியதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார் ரோசன்ஹான். இந்த நபர் அட்மிஷனின்போது, கல்யாணமானவரா இல்லையா, பெற்றோரோடு உறவு எப்படி என்பது போன்ற சொந்த விவரங்களைத் திரித்துச் சொல்லிவிட்டாராம். ஒப்புக்கொண்ட விதியை மீறி டாக்டரிடம் கூடுதலாகப் பொய் சொன்னவரின் தகவலை ஆய்வில் சேர்த்துக்கொள்வது முறையாகாது என்று டேவிட் லூரிக்குப் பட்டிருக்கிறது.